பி.எல்.டி.சி. மின்விசிறி: சில கோடைகளுக்குப் பிந்தைய மதிப்பீடு

மதுரையில் உள்ள எங்கள் வீட்டின் கூடத்திலும் இரண்டு படுக்கையறைகளிலும் பழைய மின்விசிறிகளைக் கழற்றிவிட்டு பி.எல்.டி.சி. (தூரிகையில்லா நேர்மின் மோட்டார்) வகையை மாட்டிச் சில கோடைகள் கடந்துவிட்டன. வாங்கிய மறுவாரம் எழுதப்படும் மதிப்புரைகள் காற்றையும் சத்தத்தையும் பற்றிப் பேசி முடிந்துவிடுகின்றன. மின்சாரம் உண்மையில் மிச்சமாகிறதா, அந்த மிச்சம் யாரைச் சேருகிறது, பழுதானால் என்ன ஆகிறது என்பவை ஆண்டுக்கணக்கில் ஓடிய பிறகே தெரியவருகின்றன.

சாதாரண விசிறியின் இண்டக்‌ஷன் மோட்டார் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் வரை இழுக்கும். அதில் கணிசமான பங்கு காற்றாகாமல் வெப்பமாகவே வீணாகிறது. நெடுநேரம் ஓடிய பழைய விசிறியை நிறுத்திவிட்டு அதன் மோட்டார் மூடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பி.எல்.டி.சி. மோட்டாரில் சுழலும் பகுதி நிலைக்காந்தத்தால் ஆனது. மின்னோட்டத்தை ஒரு சிறிய மின்னணு போர்டு முறைப்படுத்துகிறது. அதனால் 28 முதல் 35 வாட்டுக்குள் ஏறத்தாழ அதே காற்று கிடைத்துவிடுகிறது. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமாகியிருக்கிறது. வாங்குவோர் கவனிக்க வேண்டியது அந்த முத்திரையில் உள்ள சேவை மதிப்பு, அதாவது ஒரு நிமிடத்தில் விசிறி தள்ளும் காற்றின் கன மீட்டர் அளவை வாட்டால் வகுத்து வரும் எண். கடைக்காரர்கள் வாட்டை மட்டுமே சுட்டிக்காட்டுவார்கள். காற்றைக் குறைத்தும் வாட்டைக் குறைக்க முடியும் என்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே சரி.

கணக்கு எளியது. விசிறிக்கு 45 வாட் மிச்சம், கோடையில் நாளுக்கு 14 மணி நேர ஓட்டம் என்று கொண்டால், இரண்டு மாத மின்கட்டணச் சுற்றில் ஒரு விசிறிக்கு ஏறக்குறைய 38 யூனிட்டும் மூன்றுக்குமாக 110 யூனிட்டுக்கு மேலும் குறைகின்றன. தமிழ்நாட்டின் கட்டண அமைப்பில் இந்த 110 யூனிட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்லாமல், இலவசமான முதல் நூறுக்கு அடுத்த நூறுக்கே விலை கிட்டத்தட்ட இருமடங்காகிவிடும். கோடையில் அந்த எல்லையில் தத்தளிக்கும் எங்களைப் போன்ற வீடுகளுக்கு விசிறியின் கூடுதல் விலை விரைவிலேயே திரும்பிவிடுகிறது. சுற்றுச்சூழல் கணக்கில், நாட்டின் மின்தொகுப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்ற சராசரியை வைத்தால், ஒரு விசிறி இரண்டு மாதத்தில் தவிர்ப்பது ஏறத்தாழ 26 கிலோ. விசிறி மிகுதியாக ஓடுவது இரவில். சூரிய மின்சாரம் இல்லாத அந்நேரத்தில் சுமையின் பெரும்பங்கை நிலக்கரியே தாங்குகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். துணிப்பை எடுத்துச் செல்வதைப் பற்றி நாம் பேசுவதில் பத்தில் ஒரு பங்குகூடத் தலைக்கு மேல் சுழல்வதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆனால் பழைய விசிறிகள் எங்கே போயின என்று கேட்டால் இந்தக் கணக்கு சற்றே ஆட்டம் காண்கிறது. ஓடும் நிலையில் இருந்த ஒன்றை வீட்டு வேலைக்கு வரும் அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். அது இன்று அவர் வீட்டில் அதே 75 வாட்டை இழுத்துக்கொண்டிருக்கிறது. இலவச 100 யூனிட்டுக்குள் அடங்கிவிடும் அவர் வீட்டில் திறன்மிக்க விசிறி வாங்குவதால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. மிச்சமாவது அரசின் மானியச் செலவுதான். இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம் ரூபாயை அதற்காக அவர் செலவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. மானியத்தில் ஒரு பகுதியை இத்தகைய வீடுகளுக்கு விசிறியாகவே கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

மின்தடை நேரத்தில் இதன் அருமை நன்றாகவே தெரிகிறது. இன்வெர்ட்டரில் ஒரு விசிறிக்கான மின்சாரத்தில் இரண்டு ஓடுகின்றன. சதுர அலை இன்வெர்ட்டரில் பழைய விசிறி எழுப்பும் உறுமல் இதில் இல்லை. சுவரிலுள்ள ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பதால் வேகம் முழுவதும் ரிமோட்டைச் சார்ந்தது. எண்பதை நெருங்கும் என் தந்தைக்கு இன்றளவும் இதில் உடன்பாடில்லை. குறைவாகத்தானே இழுக்கிறது என்று ஆளில்லாத அறையிலும் விசிறியை ஓடவிடும் புதிய பழக்கம் ஒன்றும் வீட்டில் முளைத்திருக்கிறது.

பெரிய குறை பழுதுபார்ப்பில் இருக்கிறது. இடியுடன் மழை பெய்த ஓர் இரவுக்குப் பிறகு படுக்கையறை விசிறி நின்றுபோனது. பழைய விசிறியாக இருந்தால் தெருமுனை எலக்ட்ரீஷியன் ஸ்டூலில் ஏறி, கண்டென்சரை மாற்றி, பத்து நிமிடத்தில் இறங்கியிருப்பார். காயில் கருகியிருந்தாலும் புதிதாகக் கட்டித் தரும் கடைகள் ஊரில் உண்டு. இப்போதோ அவர் மூடியைத் திறந்து, பிசின் ஊற்றி இறுக மூடப்பட்டிருந்த போர்டைக் காட்டி, “இதுல நான் கை வைக்க எதுவும் இல்ல சார், கம்பெனிதான் மாத்தணும்” என்று சொல்லிவிட்டார். நிறுவனத்திலிருந்து மாற்றுப் போர்டு வருவதற்குள் கோடையின் மோசமான நாட்கள் முடிந்துவிட்டன. மாடலுக்கு மாடல் போர்டு வேறுபடுவதால் ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்துவதும் இல்லை. பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் இணையதளம் தொடங்கியிருந்தாலும், போர்டுகளின் வடிவம் பொதுவாக்கப்படாதவரை தெருமுனைக் கடைக்கு அதனால் பெரிய பயன் விளையாது. நல்ல நிலையில் உள்ள மோட்டாரும் இறக்கைகளும், உள்ளங்கையளவுப் போர்டு கிடைக்காததால் பழைய இரும்புக் கடைக்குப் போகுமானால், மிச்சமான யூனிட்டுகளில் ஒரு பகுதி அங்கேயே கழிந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும், நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் இடங்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். வாங்கும்போதே போர்டின் தனி விலையையும் அது உள்ளூரில் கிடைக்கிறதா என்பதையும் விசாரித்துவிடுவது நல்லது. உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதோடு, அது போர்டுக்கும் சேர்த்தா, மோட்டாருக்கு மட்டுமா என்று அட்டையில் படித்துப் பார்க்க வேண்டும். விருந்தினர் வந்தால் மட்டும் சுழலும் அறையிலும் சாப்பாட்டு மேசைக்கு மேலும் பழைய விசிறிகளை நாங்கள் மாற்றவில்லை. அவை பழுதாகி, காயில் கட்டுபவரும் கைவிடும்வரை மாற்றப்போவதும் இல்லை.