யாழ்ப்பாணத்து வீட்டுக்குக் கம்பளி: எதை வாங்கலாம், எதைக் கடையிலேயே விட்டு வரலாம்

தை மாதப் பனியிலும் இரவு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே அரிதாகவே இறங்கும் ஊரில் கம்பளி எதற்கு என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் யாழ் நகரக் கடைகளில் தரைவிரிப்பும் போர்வையும் குஷன் உறையும் தொங்குகின்றன. லண்டன், ரொறன்ரோ பெட்டிகளிலும் வந்து இறங்குகின்றன. இந்த ஊரின் வெக்கை, மாரி ஈரம், சோளகப் புழுதி, கிணற்றுத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கிற சாமான் எது என்பதுதான் இங்கே பார்ப்பது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஒராள் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் உதறக்கூடிய மெல்லிய நெசவுக் கம்பளியை வாங்கலாம். பசை போட்டு ஒட்டிய தடித்த விரிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

கம்பளி என்று கேட்டால் கடையில் முதலில் எடுத்துப் போடுவது பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது பொலியெஸ்டர். தரைவிரிப்பு என்றால் பொலிபுரொப்பிலீன். தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, இப்போதைய செயற்கை இழை அவ்வளவு மிருது. மேல் மயிரில் இரண்டு மூன்று இழை பிடுங்கித் தீக்குச்சியில் காட்ட வேண்டும். கம்பளி என்றால் தலைமயிர் கருகும் மணம் வரும், நெருப்பை எடுத்தவுடன் அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை இழை உருகிக் கறுத்த மணியாக இறுகும். குஞ்சத்தில் பிடுங்கிச் சோதிப்பதில் பயனில்லை. நல்ல கம்பளி விரிப்பிலும் குஞ்சம் பெரும்பாலும் பருத்தி நூலாகவே இருக்கும், கடுதாசி எரியும் மணம்தான் வரும். கலப்பு நூல் என்று சந்தேகம் இருந்தால் ஒரு சிறு துண்டு நூலை வெளுக்கும் திரவத்தில் (குளோரின் பிளீச்) ஓர் இரவு போட்டு வையுங்கள். கம்பளி கரைந்துவிடும். பருத்தியும் செயற்கை இழையும் மிஞ்சிக் கிடக்கும். கம்பளித் துணிக்கு அந்தத் திரவத்தைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது என்பதற்கும் இதுவே விளக்கம்.

அடுத்தது, விரிப்பைக் கவிழ்த்துப் பார்ப்பது. பின்பக்கம் முழுவதும் ஒரு துணி ஒட்டியிருந்தால் அது டஃப்டட் விரிப்பு: துணியில் நூலைக் குத்தி இறக்கி, லேட்டெக்ஸ் பசை பூசி, அதை மறைக்க மேலே இன்னொரு துணி ஒட்டியது. முன்பக்கக் கோலம் பின்பக்கத்திலும் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் கையால் முடிச்சிட்டு நெய்தது. விற்பனையாளர் இரண்டையும் “கைவேலை” என்றே சொல்வார், அதில் பொய்யும் இல்லை. ஆனால் டஃப்டட் விரிப்பின் ஆயுள் கம்பளியில் இல்லை, பசையில்தான் இருக்கிறது. அந்தப் பசையில் சுண்ணத்தூள் நிறையக் கலந்திருக்கும். வெக்கையும் ஈரமும் மாறி மாறிப் படப் பசை காய்ந்து உதிரத் தொடங்கும். விரிப்பைத் தூக்கினால் தரையில் மாப்போல வெள்ளைத் தூள், அறையில் றப்பர் நாற்றம். அதற்குப் பிறகு மயிர் கொத்துக் கொத்தாகக் கழரும், திருத்தவும் வழியில்லை. கடையிலேயே ஒரு மூலையை மடித்துப் பாருங்கள். ‘கிறீச்’ என்று வெடிப்புச் சத்தம் கேட்டாலோ றப்பர் மணம் தூக்கினாலோ அது கிடங்கில் கனநாள் வெக்கை தின்ற சாமான்.

கையால் முடிச்சிட்ட விரிப்பு பல பத்தாண்டுகள் தாங்கும், ஆனால் பாரமும் விலையும் அதிகம். உத்தரப் பிரதேசத்துப் பதோகி, மிர்சாப்பூர்ப் பக்கத்திலிருந்து வருபவற்றில் குட்வீவ் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். குழந்தைத் தொழிலாளர் இல்லாமல் நெய்தது என்பதற்கான சான்று அது.

இந்த ஊருக்குப் பொருந்துவது மயிர் இல்லாத தட்டை நெசவுதான். கிலிம், துர்ரி என்று விற்பவை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும், பசை கிடையாது, சுருட்டினால் கைக்கடக்கம், புழுதி உள்ளே இறங்கி ஒளியாது. ஆடி, ஆவணிச் சோளகத்தில் கிழமைக்கு ஒருமுறை கொடியில் போட்டுத் தும்புத்தடியால் தட்டினால் போதும். சோபாவின் முன்கால் இரண்டும் விரிப்பில் ஏறி நிற்கிற அளவு வேண்டும். மூன்று பேர் இருக்கும் சோபாவுக்கு 4 × 6 அடி சற்றுக் குறைவு, 5 × 8 சரி. மாபிள் தரையிலும் மினுக்கிய சீமெந்திலும் வழுக்கும், அடியில் வலைபோன்ற அடிவிரிப்பு போட வேண்டும். மலிவான பீவீசீ விரிப்பைப் போட்டால் வெக்கையில் தரையோடு ஒட்டிக் கறை விடும். ஐப்பசி, கார்த்திகையில் தரை வேர்க்கத் தொடங்கியதும் விரிப்பைச் சுருட்டி உயரத்தில் வைத்துவிடுவது நல்லது.

நுளம்புத்திரி தரையில் கொளுத்துகிற வீடுகளுக்குக் கம்பளி இன்னொரு வகையிலும் லாபம். தணல் விழுந்தால் அந்த இடம் கருகி நின்றுவிடும், பிறகு துலக்கினால் பெரும்பாலும் போய்விடும். கம்பளி தொடர்ந்து எரிய 25 வீதமளவு ஒட்சிசன் வேண்டும், காற்றில் இருப்பது 21 தான். பொலிபுரொப்பிலீன் விரிப்பிலோ அதே தணல் உருகிய ஓட்டையாக நிலைத்துவிடும்.

போர்வை விஷயத்தில் கருத்து வேறு. “மிங்க்” என்று கிலோக் கணக்கில் விற்கும் பூப்போட்ட தடித்த போர்வை செயற்கை இழைதான். வேர்வையை உறிஞ்சாது, யாழ்ப்பாணத்தில் அதைப் போர்த்தால் விடியப்புறம் உதைத்துத் தள்ளுவீர்கள். கம்பளி தன் நிறையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை இழுத்தும் நனைந்ததுபோலத் தெரியாது. அதனால் மெரினோ என்ற ஆட்டினத்தின் மிருதுவான கம்பளியில் நெய்த மெல்லிய போர்வை ஏசி அறைக்கும் மார்கழிப் பனிக்கும் நன்றாகப் பொருந்தும். இழையின் பருமன் 20 மைக்ரோன் அளவில் இருந்தால் தோலில் குத்தாது. 30ஐத் தாண்டினால் குத்தும். விரிப்புக் கம்பளி அந்த ரகம்தான். மேலில் சட்டை இல்லாமல் சாறத்தோடு சாய்கிற மனிதர் உள்ள வீட்டில் அதில் தைத்த குஷன் உறையை யாரும் தொடமாட்டார்கள். யன்னல் சீலைக்குக் கம்பளி வேண்டவே வேண்டாம். மேற்கு வெயில் நிறத்தையும் இழையையும் சேர்த்துத் தின்னும், பருத்தியே போதும்.

கழுவுவதில்தான் கூடுதலாகக் கெடுகிறது. நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறிவருவது. சவுக்காரம் போட்டால் நுரைக்குப் பதில் வெள்ளைப் பிசுக்கு வரும், அது இழையில் ஒட்டிக் கம்பளியை விறைக்க வைக்கும். சலவைத்தூளின் காரம் ஒரு கேடு. புரதக் கறையைக் கரைக்க அதில் சேர்க்கும் என்சைம் இன்னொரு கேடு, ஏனென்றால் கம்பளியே புரதம். 10 லீற்றர் குளிர்ந்த தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சாதாரண ஷாம்பு கலந்து, பத்து நிமிடம் ஊறவைத்து, கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். கசக்கவோ முறுக்கவோ கூடாது. இழையின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று கொளுவிச் சுருங்கும், பிறகு எதைச் செய்தாலும் விரியாது. கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 10 லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு அலசுங்கள். துவாயில் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் படுக்கையாகக் காயவிடுங்கள். வாங்குவதற்கு முன்னரே நனைத்த வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அமுக்கிச் சாயம் ஏறுகிறதா என்று பார்ப்பது இந்தச் சிரமத்தில் பாதியைத் தவிர்க்கும்.

அந்துப்பூச்சியில் தின்பது புழு, பறக்கிற பூச்சி அல்ல. வேர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட இடத்தில்தான் முதலில் ஓட்டை விழும், ஆகவே அழுக்கோடு அலுமாரியில் வைக்கக் கூடாது. வேப்பிலையை நம்பி இருக்க வேண்டாம். நப்தலின் உருண்டை வேலை செய்யும், ஆனால் கைக்குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம்: ஜி6பீடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அந்த ஆவியால் செங்குருதிக் கலங்கள் உடையலாம். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய போர்வையை மற்றத் துணிகளோடு சேர்க்க முன் பொலித்தீனில் இறுகக் கட்டி, −18 பாகை உறைபெட்டியில் இரண்டு கிழமை வையுங்கள். இடையில் மின்சாரம் போய்ப் பெட்டி இளகினால் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். எடுத்த பிறகு ஒரு நாள் கட்டை அவிழ்க்காமல் வெளியே வையுங்கள், அவிழ்த்தால் குளிர்ந்த துணியில் காற்றின் ஈரம் படிந்துவிடும்.