சயின்ஸ் ஜிகே: புக், ஆப், கையெழுத்து அட்டை, மூணையும் வருஷக்கணக்கா யூஸ் பண்ண அனுபவம்

சயின்ஸ், இன்ஜினியரிங், கண்டுபிடிப்பு இதுலல்லாம் நமக்கு நெஜமாவே எவ்ளோ தெரியும்னு சோதிச்சுக்க எது சரியா வரும்னு போட்டித்தேர்வுக்குப் படிக்கிற பசங்களும் ஸ்கூல் குவிஸுக்குப் பிள்ளைங்களை ரெடி பண்ற அம்மாங்களும் அடிக்கடி கேக்குறாங்க. நான் வினா-விடை புக், போன் குவிஸ் ஆப், நானே எழுதின கேள்வி அட்டை மூணையும் பல வருஷமா யூஸ் பண்றேன். எனக்கு மட்டும் இல்ல, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க மொட்டை மாடில வந்து உக்கார்ற பிள்ளைங்களுக்கும் சேத்துதான்.

எங்க ஊரு ஆரம்பாக்கம் பக்கம். இந்தப் பக்கம் திருவள்ளூர் மாவட்டம், ஒரு ஸ்டேஷன் தாண்டினா தடா, ஆந்திரா. வேலை ஒரு கம்பெனில குவாலிட்டி செக்‌ஷன்ல, அதனால காலிப்பர், மைக்ரோமீட்டர்னு நுணுக்கமா அளக்குற கருவிங்க தினமும் கையில இருக்கும். மாடிக்கு வர்ற பிள்ளைங்கள்ல பாதி பேர் வீட்ல தமிழ், ஸ்கூல்ல தெலுங்கு இல்லன்னா இங்கிலீஷ் மீடியம்.

முதல்ல புக். பஸ் ஸ்டாண்டு கடைல கிடைக்கிற பொது அறிவு புக்கு விலை கம்மி, கரண்டு போனாலும் படிக்கலாம், பக்கத்து மார்ஜின்ல எழுதி வைக்கலாம், அந்த விஷயத்துல அதுக்கு ஈடு எதுவும் இல்ல. ஆனா பழசாயிடும், பழசானது அதுக்கே தெரியாது. புது அட்டை போட்டு வருஷத்தை மாத்தி அடிச்ச ஒரு புக்குல கிலோகிராம்னா பாரிஸ் பக்கத்துல வச்சிருக்கிற பிளாட்டினம்-இரிடியம் உருளைன்னு போட்டிருந்துச்சு, 2019 மே 20-லேருந்து அது மாறிப்போச்சு, இப்ப பிளாங்க் மாறிலிங்கிற மாறாத இயற்பியல் எண்ணை வச்சுதான் கிலோவுக்கு வரையறை. அதே புக்குல அதிக நிலா உள்ள கோள் வியாழன்னு இருக்கு, 2025 மார்ச்சுல சனிக்கு ஒரே தடவைல 128 நிலா சேத்தாங்க, அப்பவே அதுக்கு மட்டும் 274 நிலா ஆயிடுச்சு. பாம்பன் பாலமும் அப்படித்தான். 1914-ல திறந்த பழைய பாலத்துல ரெண்டு பக்கமும் கதவு மாதிரி தூக்குற ஷெர்சர் அமைப்பு, 2025 ஏப்ரல்ல திறந்த புது பாலத்துல 72.5 மீட்டர் நீளத் துண்டு மொத்தமா நேரா மேல ஏறும். ரெண்டையும் கேக்கலாம், ஆனா எந்தப் பாலம்னு கேள்வில இருக்கணும் இல்லையா? அதனால புக்கு வாங்கினா நான் முதல்ல பாக்குறது நிலா எண்ணிக்கை, கிலோகிராம், பாம்பன் இந்த மூணையும்தான், மூணும் சரியா இருந்தா யாரோ உக்காந்து திருத்தியிருக்காங்கன்னு நம்பி வாங்குவேன்.

ஆப் கதை வேற. ஆரம்பத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது, ட்ரெயின்ல கும்மிடிப்பூண்டி வரைக்கும் போற நேரத்துல விளையாடிக்கிட்டே போகலாம், டைமர் ஓடும், ஸ்கோர் ஏறும், பிள்ளைங்களுக்கும் போட்டி போட ஆசை வரும். ஆனா நாள்பட யூஸ் பண்ணாதான் தெரியும், கேள்வி திரும்பத் திரும்ப வர ஆரம்பிச்சதும் நாம கேள்வியைப் படிக்கிறதே இல்ல, முதல் ரெண்டு வார்த்தையைப் பாத்ததும் விரல் தானா மூணாவது ஆப்ஷனுக்குப் போயிடுது. ஸ்கோர் ஏறிக்கிட்டே போகுது, அறிவு அங்கேயே நிக்குது. இன்னொண்ணு, நாலு ஆப்ஷன்ல கண்ணை மூடிக்கிட்டு அடிச்சாலும் நூத்துக்கு இருபத்தஞ்சு கிடைக்கும், ரெண்டு ஆப்ஷன் சம்பந்தமே இல்லாம இருந்தா பாதி மார்க்கு. யுபிஎஸ்சி பிரிலிம்ஸ்ல தப்பான பதிலுக்கு மூணுல ஒரு பங்கு மார்க்கு கழிக்கிறது இதுக்குத்தான், நான் யூஸ் பண்ண ஆப்புல அப்படிக் கழிக்கிற வசதியே இல்ல. விளக்கம்னு ஒரு பட்டன் இருக்கும், அமுக்கினா பதிலையே இன்னொரு தடவை முழு வாக்கியமா சொல்லும், அவ்ளோதான். ஏன்னு கேக்குற பிள்ளைக்கு அதுல ஒண்ணும் இல்ல.

புக்கு, ஆப் ரெண்டுலயும் எனக்கு மனசு ஆறாத விஷயம் கண்டுபிடிப்பாளர் கேள்விங்க. ஒரு பொருள், ஒரு பேரு, முடிஞ்சுது. நீராவி எஞ்சினைக் கண்டுபிடிச்சவர் ஜேம்ஸ் வாட்டுன்னு இன்னும் அச்சடிக்கிறாங்க, ஆனா 1712-லயே நியூகாமன் எஞ்சின் சுரங்கத்துலேருந்து தண்ணி இறைச்சுக்கிட்டு இருந்துச்சு. வாட் செஞ்சது என்னன்னு பாத்தா அதுதான் அழகு. பழைய எஞ்சின்ல ஒவ்வொரு தடவையும் சிலிண்டர்லயே தண்ணியைப் பீய்ச்சி நீராவியைக் குளிர வைப்பாங்க, அடுத்த தடவைக்கு சிலிண்டரையே திரும்ப சூடாக்கணும், நிலக்கரில பெரும்பகுதி அதுக்கே போயிடும், அவரு குளிர வைக்கிற வேலையைத் தனியா ஒரு பாத்திரத்துக்கு மாத்தினாரு, 1769-ல பேட்டன்ட். இந்த ஒரு வரி தெரிஞ்ச பிள்ளைக்கு வாட் பேரு மறந்துபோனாலும் எனக்குக் கவலை இல்ல. பல்புன்னா எடிசன்னு சொல்றாங்க, அவரு எரிய வச்ச அதே 1879-ல இங்கிலாந்துல ஜோசப் ஸ்வான் எரிய வச்சுக் காட்டினாரு, அப்புறம் ரெண்டு பேரும் சேந்து கம்பெனியே ஆரம்பிச்சாங்க. ரேடியோன்னா மார்கோனி மட்டும்னு போட்டா, 1897-ல லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன்ல மில்லிமீட்டர் அலைங்களை வச்சு செஞ்சு காட்டின ஜகதீஷ் சந்திர போஸை எங்க வைக்கிறது? யாருங்கிற கேள்விக்கு ஒத்தைப் பேரு பதிலா வரணும்னு கட்டாயப்படுத்துறதாலதான் பாதி வரலாறு காணாமப் போகுது.

இதெல்லாம் பாத்துதான் அட்டைக்கு வந்தேன். கல்யாணப் பத்திரிகை சேந்துபோயிருக்கும் இல்ல, அதைக் கிழிச்சு பின்பக்கம் காலியா இருக்கிற இடத்துல கேள்வி, திருப்பினா ஒட்டின வெள்ளைத் தாள்ல பதிலும் காரணமும் எழுதின தேதியும். ஸ்வீட் பாக்ஸ்ல அஞ்சு தடுப்பு. சரியா சொன்னா அடுத்த தடுப்புக்கு நகரும், தப்பா சொன்னா முதல் தடுப்புக்கே திரும்பும், பின்னால போகப் போக லேட்டா லேட்டாதான் எடுத்துக் கேப்போம். இது செபாஸ்டியன் லைட்னருன்னு ஒரு ஜெர்மன்காரர் 1970-கள்ல பரப்பின முறை, நான் புதுசா ஒண்ணும் செய்யல. நான் சேத்துக்கிட்டது ஒரே ஒரு விதி: ஆப்ஷன் கிடையாது, பதில் சொன்னதுக்கு அப்புறம் ஏன், எப்படின்னு ஒரு வாக்கியம் சொன்னாதான் அட்டை நகரும்.

உதாரணத்துக்கு வெர்னியர் காலிப்பர். புக்குல பியர் வெர்னியர், 1631-னு இருக்கும், அது ஓகே. என் அட்டைல கேள்வி, ஒரு மில்லிமீட்டருக்குக் கீழ கோடே இல்லாத ஸ்கேல்ல 0.02 மில்லிமீட்டர் எப்படிப் படிக்கிறோம்? மெயின் ஸ்கேல்ல 49 மில்லிமீட்டர் நீளத்தை வெர்னியர் ஸ்கேல்ல 50 சம பாகமா பிரிச்சிருப்பாங்க, அப்ப வெர்னியர்ல ஒரு பாகம் 0.98, ஒரு மில்லிமீட்டருக்கும் அதுக்கும் வித்தியாசம் 0.02, எந்தக் கோடு எதுத்த கோட்டோட ஒட்டி நிக்குதோ அதை எண்ணினா முடிஞ்சுது. இதை ஒரு ஏழாவது படிக்கிற பொண்ணு கைல காலிப்பரை வச்சுக்கிட்டு தன் வளையலை அளந்து சொன்னா, அப்ப அவ முகத்தைப் பாக்கணும். எந்த ஆப்பும் அந்த சந்தோஷத்தைக் குடுத்ததில்ல.

நல்ல கேள்வி பாதி நம்ம ஊருலயே இருக்கு. சூளூர்பேட்டை லோக்கல் ட்ரெயினைப் பாத்துட்டு ஒரு பையன் கேட்டான், "அக்கா, வீட்ல ஃபேனுக்கு ரெண்டு வயர் வருது, ட்ரெயினுக்கு மேல ஒரே வயர்தானே போகுது, இன்னொண்ணு எங்க?" எதிர் வீட்டுப் பெரியப்பா ரயில்வே மின்பாதைல வேலை பாத்து ரிட்டையர் ஆனவர், அவர்தான் பதில் சொன்னாரு. "மேல 25 ஆயிரம் வோல்ட்டு வருதுப்பா, எஞ்சினுக்குள்ள வேலையை முடிச்சுட்டு சக்கரம் வழியா தண்டவாளத்துல இறங்கி சப்ஸ்டேஷனுக்குத் திரும்பப் போயிடும், நீ தேடுற ரெண்டாவது வயர்மேலதான் ட்ரெயினே ஓடுது." அந்த அட்டை இப்ப அஞ்சாவது தடுப்புல இருக்கு, மாடிக்கு வர்றவங்க யாரும் அதை மறக்கல.

எங்க பெட்டில அதிகமா இருக்கிறது ராக்கெட் அட்டைதான், காரணம் சொல்லத் தேவையில்ல, ஸ்ரீஹரிகோட்டா லாஞ்ச்னா மாடில நின்னாலே தெரியும். குவிஸ் புக்குல கேக்குறது இந்தியா சொந்த ராக்கெட்ல செயற்கைக்கோள் அனுப்பின தேதி, 1980 ஜூலை 18, எஸ்எல்வி-3, ரோகிணி, திட்ட இயக்குநர் அப்துல் கலாம். சரி, தெரிஞ்சிருக்கணும்தான். ஆனா அதுக்கு முந்தின வருஷம் 1979 ஆகஸ்ட் 10-ல போன முதல் எஸ்எல்வி-3 ஏன் கடல்ல விழுந்துச்சுன்னு எந்த புக்கும் கேக்கறதில்ல, ரெண்டாவது கட்டத்தோட கட்டுப்பாட்டு அமைப்புல ஒரு வால்வு கோளாறு. ஒரு சின்ன வால்வுக்கு எவ்ளோ மதிப்புன்னு பிள்ளைங்க அதுலதான் புரிஞ்சுக்கிட்டாங்க.

வெளிச்சம் தெரிஞ்சு ஒரு நிமிஷத்துக்கு மேல கழிச்சுதான் எங்களுக்கு சத்தம் வரும், அதையும் அட்டை ஆக்கியாச்சு. சத்தம் காத்துல செகண்டுக்கு 340 மீட்டர் சொச்சம் போகும், அதாவது மூணு செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர்னு வச்சுக்கலாம், போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு மூணால வகுத்தா ஏவுதளம் எவ்ளோ தூரம்னு வந்துடும், மேப்ல அளந்து சரிபாத்துக்கலாம். அப்புறம் எல்விஎம்3. சந்திரயான்-3 போச்சே, 2023 ஜூலை 14, அந்த ராக்கெட். தரைலேருந்து கிளம்பும்போது நடுவுல இருக்கிற எஞ்சின் எரியுமா எரியாதான்னு கேட்டா பெரியவங்களே எரியும்னுதான் சொல்றாங்க. எரியாது. ரெண்டு பக்கமும் இருக்கிற எஸ்200 திட எரிபொருள் பூஸ்டர்தான் மொத்தத்தையும் தூக்கும், நடுவுல இருக்கிற ரெண்டு விகாஸ் எஞ்சினும் 110 செகண்டு வாக்குல மேல போயிட்டு வானத்துலதான் பத்தும். ஜிஎஸ்எல்வின்னு இஸ்ரோவோட இன்னொரு ராக்கெட்ல வேற மாதிரி, அதுல பக்கத்துல இருக்கிற நாலு திரவ எஞ்சினும் முதல்ல பத்தி, சில செகண்டு கழிச்சு நடுவுல இருக்கிற திட எரிபொருள் பத்தும். ஏன் இந்த வரிசைன்னா, திரவ எஞ்சின்ல ஏதாவது தப்புன்னா நிறுத்திடலாம், திட எரிபொருளைப் பத்த வச்சா நிறுத்த முடியாது. இந்தக் காரணத்தைப் பிள்ளைங்க வாயால சொல்லக் கேட்டா, ஜிகேன்னா மனப்பாடம்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

பழவேற்காட்டுலேருந்து உறவுக்காரங்க வீட்டுக்கு வர்ற ஒரு மீனவப் பையன் கேட்ட கேள்வி இன்னும் மனசுல நிக்குது. "ராக்கெட் அன்னிக்கு எங்கப்பாவைக் கடலுக்கு விட மாட்றாங்களேக்கா, ஏன்?" எரிஞ்சு முடிஞ்ச பூஸ்டரும் கட்டங்களும் கடல்லதான் விழும், கோளாறு வந்தா துண்டு துண்டா எங்க வேணா விழலாம், அதனால அந்தப் பரப்பை முன்கூட்டியே அறிவிச்சு படகை நிறுத்துறாங்கன்னு எழுதினோம். ஸ்ரீஹரிகோட்டாவை ஏன் தேர்ந்தெடுத்தாங்கங்கிற கேள்விக்கும் அதுலயே பாதி பதில் இருக்கு, கிழக்கே திறந்த கடல், விழுறது ஊர்மேல விழாது. மீதி பாதி பூமி சுத்துற வேகம், அந்த அட்சரேகைல செகண்டுக்குச் சுமார் 450 மீட்டர், கிழக்குப் பக்கம் ஏவினா அது சும்மா கிடைக்கும். அவங்க அப்பாவோட ஒருநாள் கூலியும் அந்த அட்டைக்குள்ள இருக்குன்னு நான் நினைக்கிறேன், அதைப் புக்கு எழுதறவங்களும் நினைக்கணும்.

அட்டைல குறையும் இருக்கு. நேரம் சாப்பிடும், ஒரு நல்ல அட்டைக்கு மூணு இடத்துல தேடிப் பாத்து சரின்னு தெரிஞ்சாதான் எழுதலாம். மழைக்காலத்துல அட்டை ஊறிப்போகும், இப்ப செலோடேப் ஒட்டுறேன். வாயால விளக்கம் கேக்குறதால ஒரு மணி நேரத்துல கொஞ்சம் கேள்விதான் ஓடும், நாலு மாசத்துல டிஎன்பிஎஸ்சி எழுதப்போறவங்களுக்கு இது மட்டும் போதாது. அவங்க புதுசா திருத்தின புக்கு ஒண்ணு, கடைசி மாசம் வேகத்துக்கு ஆப் ஒண்ணுன்னு வச்சுக்கிட்டு, தப்பு போன கேள்வியை மட்டும் அட்டைல எழுதினா போதும், என் தங்கச்சிக்கு அப்படித்தான் சொல்லியிருக்கேன். பத்து பன்னெண்டு வயசுப் பிள்ளைங்களுக்கு ஆப் வேண்டவே வேண்டாம், தேதியோட அட்டை போதும். தேதி எதுக்குன்னா, நிலா எண்ணிக்கை மாதிரி மாறுற பதிலை வருஷத்துக்கு ஒரு தடவை உக்காந்து திருத்தணும்.

ஆப்புக்குக் கட்டின பணத்தை இந்த வருஷம் புதுப்பிக்கல. புக்கு இருக்கு, மார்ஜின்ல திருத்தம் எழுதி வச்சிருக்கிறதால தூக்கிப்போட மனசு வராது. இப்ப எழுதிக்கிட்டு இருக்கிற அட்டை குலசேகரப்பட்டினம், 2024 பிப்ரவரி 28-ல அடிக்கல் நாட்டின புது ஏவுதளம். ஸ்ரீஹரிகோட்டாலேருந்து துருவப் பாதைக்கு, அதாவது வட, தென் துருவங்களுக்கு மேல சுத்துற பாதைக்கு, தெற்கே போற ராக்கெட்டு இலங்கை மேல போகாம வளைஞ்சு போகணும், அந்த வளைவுக்கு எரிபொருள் கூடுதலா போகும், எஸ்எஸ்எல்வி மாதிரி சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய செலவு, குலசேகரப்பட்டினத்துலேருந்து நேரா தெற்கே விட்டா கடல்தான். கேள்வியை எப்படிக் கேக்குறதுன்னுதான் இன்னும் முடிவாகல, மேப்பைக் குடுத்து கோடு போடச் சொல்லலாம்னு ஒரு யோசனை.