ஏழரையும் நாலும் பதினொன்றரை

சிங்கப்பூரிலிருந்து திருச்சி நேர்கோட்டில் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். வரைபடத்தில் நூல் பிடித்தால் கோடியக்கரைப் பக்கமாகக் கரையேறி நேரே திருச்சிக்கு வந்துவிடலாம். விமானத்துக்கு நாலு மணி நேரம். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கிய தாத்தா இதை நம்பியிருக்க மாட்டார். அந்த நாலு மணி நேரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் வாசலுக்கு வந்த பிறகுதான்.

புதுக்கோட்டையில் ஒரு டிராவல்ஸ் வண்டி சொல்லியிருந்தேன். "ஏழரைக்கு ஏறுறேன் தம்பி, நாலு மணி நேரம்" என்று நான் சொன்னது உண்மை. இரவு ஒன்பதுக்கு இறங்கி, பத்து மணிக்குப் பெட்டியோடு வெளியே வந்தால் வண்டியைக் காணோம். ஓட்டுநரின் போன் சுவிட்ச் ஆஃப். வேறு டாக்சி பிடித்திருக்கலாம்தான். ஆனால் அந்த வண்டியில் அம்மாவும் வருகிறார். அவரிடம் போன் கிடையாது, கேட்டால் "எனக்கு யாருப்பா பேசப் போறா" என்பார்.

ஸ்ரீரங்கம் கோபுரச் சாயலில் வண்ண வண்ணமாகக் கட்டியிருக்கும் புது முனையத்தை அன்று ஒவ்வொரு தூணாகப் பார்த்து முடித்தேன். சிங்கப்பூரில் வண்டி புக் செய்தால் அது எந்தத் திருப்பத்தில் நிற்கிறது என்று போனில் தெரியும். இங்கே எனக்குத் தெரிந்ததெல்லாம், அது கீரனூர் வழியாகத்தான் வரவேண்டும் என்பது மட்டும்.

பதினொன்று இருபதுக்கு வந்து நின்றது. தம்பி இறங்கி, முகமெல்லாம் சிரிப்பாக, "பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டேண்ணே" என்றான்! போனா? சார்ஜ் தீர்ந்துவிட்டதாம்.

ஏழரையும் நாலும் பதினொன்றரை. கூட்டலில் பிழையே இல்லை. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட முன்னே ஓடும் இரண்டரை மணி நேரத்தைக் கழிக்க மட்டும் மறந்துவிட்டான். நானும் சொல்லவில்லை, சரி. ஆனால் வாரம் நாலு சவாரி விமான நிலையத்துக்கு ஓட்டுகிறவனுக்குச் சொல்ல வேண்டுமா?

அப்பா அங்கே வேலை பார்த்த காலத்தில் வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். போர்னியோ தீவில் இருக்கும் தன் மாநிலங்களான சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் மலேசியா தன் தீபகற்பக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. சூரியனை வைத்துப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் ஒன்றே முக்கால் மணிகூட வராது. இதையெல்லாம் அந்த நேரத்தில் அவனிடம் விளக்கினேன் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அம்மா பின் சீட்டில் தூக்குவாளியை மடியில் வைத்திருந்தார். இட்லி, மிளகாய்ப்பொடி, மேலே வாழையிலைத் துண்டு. நல்லெண்ணெய் இலையில் ஊறி ஓரம் கறுத்திருந்தது. ஆறிப்போன ஆறு இட்லியையும் மாத்தூர் தாண்டுவதற்குள் முடித்தேன். கோபம் பாதி அங்கேயே போய்விட்டது.

திரும்பும்போதும் அதே வண்டிதான், அம்மாவின் பிடிவாதம். இரவு பத்தரைக்கு விமானம், ஆறு மணிக்கு வா என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். மதியம் மூன்றரைக்கு வாசலில் ஹாரன்.

"இந்தத் தடவை ரெண்டரை மணி நேரத்தைக் கழிச்சுட்டேண்ணே."

நான் குளிக்கக்கூட இல்லை. அம்மா அவனுக்குக் காப்பி கலக்க எழுந்து போனார்.