கொத்துப்பட்ட குஞ்சுக்குத் தனிப்பெட்டியா, வலைத்தடுப்பா?

புரூடரில், அதாவது குஞ்சுகளைச் சூடு கொடுத்து வளர்க்கும் கூண்டில், ஒரு கோழிக்குஞ்சின் முதுகில் ரத்தம் தெரிந்துவிட்டால் மற்றவை சும்மா விடாது. காலையில் அரிசி அளவு இருந்த காயம், சாயங்காலத்துக்குள் தோல் உரிந்து சதை தெரியும் அளவுக்கு வந்துவிடும். எனவே மருந்து தேடும் முன் குஞ்சை வெளியே எடுத்துவிடுங்கள். எடுத்ததை எங்கே வைப்பது என்பதில்தான் வளர்ப்பவர்களிடையே இரண்டு கட்சி.

அட்டைப்பெட்டிக் கட்சிக்குப் பலம், வேறு அலகு எதுவும் கிட்டே வராது என்பது. ஆனால் தனியாக விட்ட குஞ்சு ஓயாமல் கத்தும், தீவனம் எடுக்காது. முதல் வாரக் குஞ்சுக்கு 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் வேண்டும். சின்னப் பெட்டிக்குள் பல்பு போட்டால் சூடு மளமளவென்று ஏறும், ஒதுங்க இடமிருக்காது. நாலைந்து நாள் கழித்துத் திருப்பி விட்டால், கூட்டம் அதைப் புதுசாகப் பார்த்து மறுபடி கொத்தும்.

என் ஓட்டு வலைக்கு. அதே புரூடரின் ஒரு மூலையை அரை அங்குலக் கம்பிவலையால் மறைத்து, உள்ளே தனித் தண்ணியும் தீவனமும் வைத்தால் போதும். வெப்பம் பொது, பார்வையும் சத்தமும் பொது. குஞ்சு வலையோரம் சாய்ந்து படுக்கும்போது வெளியிலிருந்து கொத்து விழும். அதற்கு வலையின் அடியில் நாலு விரல் உயரத்துக்கு அட்டை கட்டிவிடுங்கள். ஆசனவாய்ப் பக்கம் கிழிந்திருந்தாலோ, குஞ்சு எழுந்து நிற்கவில்லை என்றாலோ மட்டும் பெட்டிதான். குடல் தெரிந்தால் நேராகக் கால்நடை மருத்துவரிடம்.

மருந்திலும் போட்டி உண்டு. மஞ்சளும் வேப்பெண்ணெயும் ஈயை அண்ட விடாது. ஆனால் தாராளமாகத் தடவினால் பஞ்சு ரோமம் எண்ணெயில் ஒட்டி, குஞ்சு குளிரில் நடுங்கும். காயத்தின் மேல் மட்டும் ஒரு சொட்டு. ஊதா மருந்தான ஜென்ஷன் வயலட் சிவப்பை நன்றாக மறைக்கும் என்றாலும், அதில் புற்றுநோய் அபாயம் இருக்கலாம் என்று 2019-இல் கனடா சுகாதாரத் துறை எச்சரித்தது. நாளைக்குக் குழம்புக்குப் போகிற கோழிக்கு அது எதற்கு? வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில் துடைத்துவிட்டு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி வைத்தால், அந்தப் பழுப்பு நிறமே ரத்தத்தை ஓரளவு மறைத்துவிடும்.

சிவப்பு பல்பு கொத்தைக் குறைக்கும், உண்மைதான். எல்.ஈ.டி. வாங்கிவிடாதீர்கள், அதில் சூடு வராது. குண்டு பல்புதான் வேண்டும். அலகு வெட்டுவது முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குச் சரி. கரையானும் புழுவும் கிளறித் தின்ன வேண்டிய நாட்டுக்கோழிக்கு வேண்டாம்.

இடம் தாராளமாக இருந்தால் இவ்வளவு பாடு வராது. நாலு வாரம் வரை ஒரு குஞ்சுக்கு அரை சதுர அடி விடுங்கள், ஒரு முருங்கைக்கீரைக் கொத்தைக் குஞ்சுக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். அலகுக்கு வேலை கிடைத்துவிடும். அதற்குப் பிறகும் கொத்து நிற்கவில்லையா? அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு குஞ்சுகள்தான் ஆரம்பித்து வைக்கும். அந்த அட்டைப்பெட்டி அவற்றுக்கு: இரண்டு நாள் உள்ளே போடுங்கள். திரும்பி வரும்போது புது ஆளாகப் பயந்து நிற்கப்போவது இப்போது அவைதான்.