ஃப்ரீ பெட் அனுப்பும் மென்பொருள்: இரண்டு செல்ட்னம் பார்த்த பிறகு

பந்தயம் கட்டுகிறவர்களுக்கு ஃப்ரீ பெட் (கம்பெனியின் செலவில் கட்டும் இலவசப் பந்தயம்) மாதிரியான சலுகைகளை அனுப்பும் ஒரு மென்பொருள் இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 5க்கு 3 நட்சத்திரம். சலுகைகளை அனுப்பும் வேலைக்கு மட்டும் என்றால் 4 கொடுத்திருப்பேன். அந்தச் சலுகையால் கம்பெனிக்குக் காசு வந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டிய ரிப்போர்ட்டுக்கு 1 கொடுக்கவும் மனம் வரவில்லை. பெயரை எழுத முடியாது, ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும், இதே மாதிரி ஒன்றை வாங்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் பட்டது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் பெங்களூரில், மான்யதா பக்கம் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். இங்கிலாந்தில் குதிரைப் பந்தயத்துக்கு புக் எடுக்கும், அதாவது பந்தயப் பணத்தை வாங்கி ஜெயித்தவர்களுக்குக் கொடுக்கும் ஒரு புக்கி கம்பெனிக்காக ப்ரமோஷன் கணக்குப் பார்ப்பது எங்கள் குழுவின் வேலை. ஆறு பேர், அதில் நாலு பேர் தமிழ் என்பதால் சண்டையெல்லாம் தமிழில்தான் நடக்கும். இரண்டு வருடமாக நாங்கள் போட்ட சண்டை ஒன்றே ஒன்றுதான்: இந்த ஃப்ரீ பெட், "இரண்டாவதாக வந்தால் பணம் திருப்பித் தரப்படும்", கூடுதல் இடம் (வழக்கத்தைவிடப் பின்னால் வந்த குதிரைக்கும் பணம்), விலை ஏற்றம் (ஜெயித்தால் கொடுக்கும் மடங்கைக் கூட்டுவது) இதெல்லாம் புக்கியின் வருமானத்தை உண்மையிலேயே கூட்டுகிறதா?

நல்லதை முதலில் சொல்கிறேன். யாருக்கு என்ன சலுகை, எந்தப் பந்தயத்துக்கு, எத்தனை மணிக்குள் என்று அமைப்பது பத்து நிமிட வேலை. முன்பு இதற்கே ஒருவர் அரை நாள் எக்செல் கோப்போடு மல்லுக்கட்டுவார். ஃப்ரீ பெட் ஏழு நாளில் காலாவதியாக வேண்டும் என்றால் சொன்ன நேரத்தில் ஆகிறது, ஒரே ஆள் நாலு கணக்கு திறந்து நாலு முறை வாங்கினால் பெரும்பாலும் பிடித்துவிடுகிறது. தன்னை விலக்கி வைக்கும்படி கேம்ஸ்டாப் என்ற பிரிட்டன் பதிவேட்டில் பதிந்துகொண்டவர்களின் கணக்குக்கு ஒரு செய்திகூடப் போகாது. இதை நானே பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறேன், ஒருமுறையும் தவறவில்லை.

பிரச்சினை ரிப்போர்ட்டில்.

மார்ச் மாதம் செல்ட்னம், இங்கிலாந்தின் பெரிய குதிரைப் பந்தயத் திருவிழா. நாலு நாள், நாளுக்கு ஏழு பந்தயம், மொத்தம் 28. அங்கே மதியம் தொடங்குவது நமக்கு மாலை ஏழு மணி வாக்கில், கடைசிப் பந்தயம் முடியும்போது பதினொன்று ஆகிவிடும். பிரிட்டனில் ஏறக்குறைய எல்லா புக்கியும் புது ஆட்களைப் பிடிக்க வலை வீசும் வாரம் அது. போன வருடத்துக்கு முந்தைய செல்ட்னம்தான் எங்களுக்கு இந்த மென்பொருளோடு முதல் முறை. வெள்ளிக்கிழமை கோல்டு கப் முடிந்த இரவு ரிப்போர்ட்டைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே பெரிய பச்சை அம்பு மேலே பார்த்து நிற்கிறது. மேலதிகாரிகள் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் உறுத்தியதால், அந்த எண் எப்படி வந்தது என்று உள்ளே போய்த் தோண்டினேன். சலுகை பெற்றவர்கள் அந்த வாரம் கட்டிய தொகையை எடுத்து, அதே ஆட்கள் முந்தைய வாரம் கட்டியதைக் கழித்து, மிச்சம் முழுவதையும் சலுகையின் பெயரில் வரவு வைத்திருந்தது. செல்ட்னம் வாரத்தில் யார்தான் கூடுதலாகக் கட்டமாட்டார்கள்? தீபாவளிக்கு முந்தின வாரம் ஜவுளிக்கடையில் கூட்டம் பிதுங்கியதற்குக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த கட்டைப்பைதான் காரணம் என்று எழுதி வைத்தது போல இருந்தது.

அதோடு நிற்கவில்லை. வியாழக்கிழமை கொடுத்த ஃப்ரீ பெட்டை வாடிக்கையாளர் அடுத்த வாரம் புதன்கிழமைகூடப் பயன்படுத்தலாம் இல்லையா, அந்தச் செலவு அடுத்த வாரக் கணக்கில் போய் விழுகிறது. ஆக, செல்ட்னம் வாரத்தின் ரிப்போர்ட்டில் வரவு மட்டும் நிற்கும், செலவு வேறு பக்கத்தில் ஒளிந்திருக்கும். டர்ன்ஓவர் ஒன்று, வருமானம் வேறு. கட்டிய பணம் முழுவதும் டர்ன்ஓவர். ஜெயித்தவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவது மொத்த வருமானம். அதிலிருந்து சலுகைச் செலவையும், 15 சதவீதப் பந்தய வரியையும், அங்கே குதிரைப் பந்தயத் துறைக்கென்று வசூலிக்கும் 10 சதவீத லெவியையும் கழித்த பிறகுதான் கைக்கு வருவது என்ன என்று தெரியும். இந்த மென்பொருளின் முதல் பக்கம் முதல் எண்ணோடு முடிந்துவிடுகிறது.

ஒரே ஒரு சலுகையை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். எட்டுக் குதிரை ஓடும் பந்தயம். விலைகளை எல்லாம் சதவீதமாக மாற்றிக் கூட்டினால் 100 வர வேண்டும், புக்கியின் போர்டில் 112 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த உபரி 12தான் புக்கியின் சாப்பாடு. 4க்கு 1 விலையில் (1 கட்டி ஜெயித்தால் 4 லாபம், கட்டிய 1ம் திரும்பும்) உள்ள ஒரு குதிரையில் ஒருவர் 10 பவுண்டு கட்டுகிறார். போர்டு அந்தக் குதிரைக்குச் சொல்லும் வாய்ப்பு 20 சதவீதம், உபரியை எடுத்துவிட்டால் உண்மையான வாய்ப்பு 17.9. அதனால் சராசரியாக அவர் கைக்குத் திரும்பிப் போவது 8 பவுண்டு 93 பென்ஸ், புக்கிக்கு நிற்பது 1 பவுண்டு 7 பென்ஸ். சரி, இப்போது "இரண்டாவதாக வந்தால் 10 பவுண்டு ஃப்ரீ பெட்" என்ற சலுகையைச் சேருங்கள். ஃப்ரீ பெட்டில் ஜெயித்தால் லாபம் மட்டும் வரும், கட்டிய தொகை திரும்பாது. அதே 4க்கு 1 விலையில் போட்டால் அந்த ஃப்ரீ பெட்டின் மதிப்பு 7 பவுண்டு 14 பென்ஸ். அந்தக் குதிரை ஆறு தடவைக்கு ஒரு தடவை இரண்டாவதாக வரும் என்றால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் சலுகைச் செலவு 1 பவுண்டு 19 பென்ஸ். வரவு 1.07, செலவு 1.19. வரி இன்னும் தொடவே இல்லை.

அவர் எப்படியும் கட்டியிருப்பார் என்றால் அந்த 1.19 சுத்தமான நஷ்டம். சலுகைக்காகவே வந்தவர் என்றால், பிறகு சலுகை இல்லாமலும் வந்து கட்டினால்தான் ஈடாகும். அவர் எந்த வகை என்பதுதான் முழுக் கேள்வியும். ஆடித் தள்ளுபடியில் புடவை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் ஆவணிக் கல்யாணத்துக்கு எப்படியும் முழு விலையில் வாங்கியிருக்கக்கூடியவர்கள்? கடைக்காரருக்கு அது தெரியாது, ஆனால் அவருக்குப் பழைய சரக்காவது தீரும். புக்கிக்குத் தீர்க்க வேண்டிய சரக்கு என்று எதுவும் இல்லை.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சமமான ஒரு கூட்டத்தைச் சலுகை கொடுக்காமல் ஒதுக்கி வைத்து, இரண்டு கூட்டத்தின் நிகர வருமானத்தையும் ஒப்பிட வேண்டும். மருந்துச் சோதனையில் செய்வதுதான். இந்த வசதி மென்பொருளில் இல்லையா என்றால், இருக்கிறது! அமைப்புகளுக்குள் நாலாவது திரையில், தொடக்க மதிப்பு பூஜ்யம் என்று போட்டு வைத்திருக்கிறார்கள். விற்றவர்களைக் கேட்டதற்கு, சலுகை கிடைக்காதவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை என்றார்கள். பதிலைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. கேட்கவேண்டிய ஒரே கேள்வியை மூடி வைத்துவிட்டு அதற்கு மேல் பச்சை அம்பு வரைந்திருக்கிறார்கள்.

அடுத்த செல்ட்னத்தில் பத்துக்கு ஒருவரை ஒதுக்கி வைத்தோம், விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் தவறாமல் கட்டும் வாடிக்கையாளர்களிடம் சலுகை டர்ன்ஓவரைக் கூட்டியது, நிகர வருமானத்தைக் குறைத்தது. பல மாதம் வராமல் இருந்தவர்களிடம் மட்டும் கொஞ்சம் நல்ல பலன் தெரிந்தது, அதிலும் திரும்பி வந்தவர்களில் பாதிக்கு மேல் ஃப்ரீ பெட் தீர்ந்ததும் போய்விட்டார்கள்.

எல்லாச் சலுகையும் வீண் என்று சொல்லவில்லை. பிரிட்டனின் பிரபலமான கிராண்ட் நேஷனல் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 40 குதிரை ஓடிக்கொண்டிருந்தது, 2024 முதல் 34. வருடத்துக்கு ஒரே ஒரு முறை பந்தயம் கட்டுகிறவர்கள் வரும் நாள் அது. 16 அல்லது அதற்கு மேற்பட்ட குதிரை ஓடும் ஹேண்டிகேப் பந்தயத்தில் (திறமைக்கேற்ப குதிரைக்கு எடை ஏற்றும் பந்தயம்) ஈச் வே, அதாவது பாதிப் பணம் ஜெயிப்பதற்கும் பாதி முன்னணி இடங்களுக்குள் வருவதற்கும் என்று கட்டினால், முதல் நாலு இடத்துக்கு ஜெயிக்கும் விலையில் கால் பங்கு கொடுப்பது வழக்கம். "ஆறு இடம்" என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் வரும்போது கால் பங்கு பல நேரம் ஐந்தில் ஒன்றாக மாறியிருக்கும். 20க்கு 1 குதிரையில் இடத்துக்கென்று 10 பவுண்டு போனால் 50க்குப் பதில் 40 லாபம். ஐந்தாவது, ஆறாவது வந்தவர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, மற்ற இடங்களுக்கு வந்தவர்களிடமிருந்தே வந்துவிடுகிறது. விளம்பரத்துக்கும் கவர்ச்சியாக இருக்கிறது, புக்கிக்கும் தாங்குகிறது. ஆனால் இங்கேயும் ஓர் ஓட்டை உண்டு: எக்ஸ்சேஞ்சில் (ஆளுக்கு ஆள் நேராகப் பந்தயம் கட்டிக்கொள்ளும் தளம்) அதே குதிரை முதல் நாலு இடத்துக்குள் வராது என்று எதிர்ப்பக்கம் கட்டிவைத்து, குதிரை சரியாக ஐந்தாவதோ ஆறாவதோ வந்தால் இரண்டு பக்கமும் அள்ளுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. மென்பொருள் அவர்களையும் "மிகச் சுறுசுறுப்பான வாடிக்கையாளர்" என்று பட்டியலில் மேலே வைத்திருந்தது.

பெஸ்ட் ஆட்ஸ் கேரண்டீட் என்ற சலுகை புக்கிக்கு இதைவிடச் செலவு கூடியது. காலையில் எடுத்த விலையைவிடப் பந்தயம் தொடங்கும் விலை அதிகமானால், அதிகமானதையே கொடுக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்களுக்கு அது அல்வா. ஆனால் பெரிய புக்கிகள் ஏறக்குறைய எல்லாரும் கொடுப்பதால் ஒருவர் மட்டும் நிறுத்தினால் ஆள் போய்விடும். வருமானத்தைக் கூட்டாது, நிறுத்தினால் குறைக்கும். இப்படி ஒரு நிலை இருப்பதை அந்த ரிப்போர்ட்டில் எந்த அம்பாலும் காட்ட முடியாது.

இதையெல்லாம் ஸ்ரீராம்புரம் மாமாவிடம் சொன்னேன். முப்பது வருடமாக ரேஸ் கோர்ஸ் ரோடு டர்ஃப் கிளப்புக்குப் போகிறவர், அளவோடு கட்டுகிறவர். ஒரு நாள் என்னையும் அழைத்துப் போய் புக்கிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் நிறுத்தினார். ஒரு போர்டில் ஒரு குதிரை 5க்கு 2 என்று இருக்கிறது, பக்கத்துப் போர்டில் அதே குதிரை 3க்கு 1 ஆக மாறுகிறது, கண்ணெதிரே ஏழெட்டு பேர் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். "பாத்தியா மாப்ள, விலைய ஏத்துனான், ஆள் வந்துச்சு. இதவிட என்னடா சலுகை வேணும்?" என்றார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 3க்கு 1 என்பது எல்லாருக்கும் தெரியும்படி எழுதிய விலை, நிபந்தனை கிடையாது, காலாவதி கிடையாது, செலவு அந்தப் பந்தயத்தோடு முடிந்துவிடுகிறது. ஃப்ரீ பெட் கொடுக்க இங்கே இடமும் இல்லை. பந்தயத் தொகைக்கு 2017 முதல் 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆகிவிட்டது, ஜெயித்த பணம் 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் பிடித்தம் வேறு.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இந்த மென்பொருளில் "விலகியவரை மீட்டல்" என்று தானாக ஓடும் ஒரு வசதி இருக்கிறது, 60 நாள் வராதவருக்கு ஒரு ஃப்ரீ பெட் போகும். கேம்ஸ்டாப்பில் பதியாமல், தன் மனசுக்குள்ளேயே முடிவெடுத்து நிறுத்தியவரும் அந்த 60 நாளில்தான் இருப்பார். நிறைய தோற்றுவிட்டு ஒதுங்கியவர்களை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்க ஒரு வடிகட்டி வேண்டும் என்று கேட்டோம், நாங்களே எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. பிரிட்டனில் 2025 மே முதல் வாடிக்கையாளர் தானே ஒப்புக்கொண்டால்தான் இப்படிப்பட்ட செய்திகளை அனுப்பலாம். 2026 ஜனவரி 19 முதல் பந்தயத்தையும் கேசினோவையும் சேர்த்துக் கட்டிய சலுகைக்குத் தடை, போனஸைத் திரும்பத் திரும்பக் கட்டவைக்கும் நிபந்தனைக்குப் பத்து மடங்கு உச்சவரம்பு. இந்த இரண்டையும் மென்பொருள் சொன்ன தேதிக்கு முன்பே சரிசெய்துவிட்டது. அதற்காகத்தான் மூன்றாவது நட்சத்திரம்.

ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறோம், ரிப்போர்ட் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, அதற்குரிய பணத்தையும் குறைத்து. வாங்கப் போகிறவர்கள் டெமோவில் பச்சை அம்பைப் பார்த்ததும் நாலாவது திரையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒதுக்கி வைத்த கூட்டத்தின் நிகர வருமானத்தை, ஃப்ரீ பெட் செலவை அது கொடுக்கப்பட்ட வாரத்திலேயே எழுதி, பக்கத்தில் வைத்துக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். எங்களிடம் மூன்று வாரம் அவகாசம் கேட்டார்கள். இது ஐந்தாவது மாதம்.