மஞ்சள் கரிசாலையா, நர்சரி வெடலியாவா?

புறவாசலில் மஞ்சள் பூவோடு தரையை மூடிப் படர ஒரு செடி வேண்டும் என்று நர்சரியில் கேட்டால், பெரும்பாலும் வெடலியாவைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சில இடங்களில் அதையே ‘மஞ்சள் கரிசலாங்கண்ணி’ என்றும் விற்கிறார்கள். உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணி, அதாவது மஞ்சள் கரிசாலை, வேறு செடி. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம், ஒரே பேரினம். வெடலியா மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. கரிசாலை நம் ஈர நிலத்துச் செடி. என் ஓட்டு கரிசாலைக்கே.

அழகில் வெடலியா ஒரு படி மேல்தான். பூ பெரிது, இலை பளபளப்பு. வெயில், நிழல், உப்பு எதையும் தாங்கும்.

வாங்கும்போது இலையைப் பாருங்கள். கரிசாலை இலை ஒடுங்கி நீண்டு, இரு முனையும் கூர்ந்து, தடவினால் சொரசொரப்பாக இருக்கும். வெடலியா இலை தடித்து, நுனிப்பக்கம் மூன்றாகப் பிரிந்தது போல இருக்கும். இளம் இலையில் அந்தப் பிரிவு தெரியாமல் போகலாம். ஒரே இலையை நம்பாமல் நாலைந்தைப் பார்ப்பது நல்லது. கரிசாலையைக் கீரையாகச் சமைக்கலாம். வெடலியாவைச் சட்டிக்குக் கொண்டுபோகவே கூடாது.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது அடக்கி வைக்கிற பாடுதான். இரண்டுமே கணுவுக்குக் கணு வேர் விடும். கரிசாலையின் வேகம் குறைவு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஓரத்தை வெட்டினால் பாத்திக்குள் நிற்கும். வெடலியாவில் வெட்டிப் போட்ட துண்டில் ஒரு கணு மிஞ்சினாலும் மறுபடி துளிர்க்கும். அந்தத் துண்டு மழையில் வாருகாலோடு பாளையங்கால்வாய்க்குப் போய்விட்டால், ஒதுங்கிய கரையில் வேர் பிடித்து, அங்குள்ள புல்லையும் பூண்டையும் மூடிவிடும். உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அது இடம்பெற்றது சும்மா இல்லை. ஏற்கெனவே இருந்தால் மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்கி, சிமெண்டுத் தளத்தில் நொறுங்கும் வரை காயப்போடுங்கள். உரக்குழியில் பச்சையாகப் போட்டால் அங்கேயே முளைக்கும். பிடுங்கிய இடத்தை அடுத்த மழைக்காலம் வரை கண்காணிக்க வேண்டும்.

கரிசாலை நட ஐப்பசி மழை தொடங்கும் சமயம் சரி. மூன்று நான்கு கணு உள்ள, ஒரு சாண் நீளத் தண்டை எடுத்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி முக்கால் அடி இடைவெளியில் நடுங்கள். மண்ணில் மக்கிய சாணி உரம் கலந்தால் போதும். துளிர் விடும்வரை ஈரம் காயக்கூடாது. இதன் குறை தண்ணீர்தான்: சித்திரை வெயிலில் விட்டுவிட்டால் கொடி கருகும். முருங்கை, வாழை நிழலும் குளியலறைக்குப் பக்கத்து ஈரமும் இதற்குப் பொருந்தும். சோப்புத் தண்ணீர் நேராக விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராதாபுரம் பக்கத்து வறண்ட செம்மண்ணில் பாசனமில்லாமல் வைக்கச் சொல்ல மாட்டேன்.

தாத்தாப்பூ எனப்படும் வெட்டுக்காயப் பூண்டும் தானாக முளைத்து மஞ்சளாகப் பூக்கும். அதுவும் வெளிநாட்டு வரவே. கூப்பிட்டு வைக்கத் தேவையில்லை.

கீரைக்காகக் கரிசாலை வைப்பவர்கள் வெடலியாவைப் பக்கத்துப் பாத்தியில்கூட விடாதீர்கள். கொடி பின்னிக்கொண்ட பிறகு, அவசரமாகக் கிள்ளும் கைக்கு இரண்டும் ஒன்றுதான்.