பிளஸ் டூ ஸ்லாம் புக்: கடையில் கிடைப்பதில் எது தேறும்?

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பேன்சி ஸ்டோர்களில் ஸ்லாம் புக், அதாவது பிரிவதற்கு முன் வகுப்புத் தோழர்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதித் தரும் நினைவுப் புத்தகத்தின் விற்பனை சூடுபிடிக்கும். பிப்ரவரியில் பிராக்டிகல், மார்ச்சில் பொதுத்தேர்வு. அதற்குள் அந்தப் புத்தகம் நாற்பது பேர் கையில் சுற்றி, பையில் நசுங்கி, நாற்பது வீட்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும். வாங்குபவர்களோ அட்டையின் மினுமினுப்பை மட்டும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள்.

பரவலாகக் கிடைப்பது கம் பைண்டிங். முதுகில் வெறும் பசைதான். எழுத வசதியாக விரித்து அழுத்த அழுத்த முதுகு வெடித்து, பாதி வகுப்பு எழுதி முடிப்பதற்குள் நடுத்தாள்கள் கையோடு வந்துவிடும். கடையிலேயே நடுப்பக்கத்தைத் திறந்து, நூல் தையல் தெரிகிறதா என்று பாருங்கள், தெரியாவிட்டால் வைத்துவிடுங்கள். ஸ்பைரல் மடக்கிப் பிடித்து மடியில் வைத்து எழுத நல்லது. ஆனால் யாரோ ஒருவர் கோபத்தில் ஒரு தாளைக் கிழித்தால் கிழித்த சுவடே தெரியாது. சின்னப் பூட்டு வைத்த வகையை வாங்கவே வேண்டாம். அந்தப் பூட்டு ஹேர்பின்னுக்கே திறந்துகொள்ளும். நாற்பது பேர் எழுதவேண்டிய புத்தகத்துக்குப் பூட்டு எதற்கு?

தாளில் இரண்டு சோதனை போதும். கடைசிப் பக்கத்தின் மூலையில் ஜெல் பேனாவால் ஒரு கோடு, ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு. பின்பக்கம் ஊறினால் அதில் ஒரு பக்கம்தான் எழுத முடியும். பளபளப்பான தாள் என்றால் ஜெல் மை சீக்கிரம் காயாது. புத்தகத்தை மூடிய உடனே எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொள்ளும். அதற்குப் பால்பாயின்ட்தான் சரி. அடர் பிங்க், அடர் நீலப் பக்கங்களில் நீல மை அமுங்கிப்போய், பின்னால் படிக்கவே கஷ்டப்படும்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது, உள்ளே அச்சடித்திருக்கும் கேள்விகள். ‘பெஸ்ட் ஃப்ரெண்ட் யார்?’, ‘க்ரஷ் யார்?’, ‘வகுப்பில் பிடிக்காத ஆள் யார்?’ இவை இல்லாத ஸ்லாம் புக் அபூர்வம். புத்தகம் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது, முன்னால் எழுதியவர்களின் பக்கங்களைப் புரட்டிப் படிப்பதுதான். நாலு பேராகச் சுற்றும் செட்டில் ஒருத்தி ஒரே ஒரு பெயரை எழுதியிருந்தால், மற்ற இரண்டு பேருக்கும் அந்தக் கடைசி மாதம் முழுக்க அதுவே உறுத்தும். ‘க்ரஷ்’ பக்கம் ஸ்டாஃப் ரூமுக்கோ வீட்டுக்கோ போய்விட்டால் மாட்டிக்கொள்வது எழுதியவர்தான், புத்தகக்காரர் அல்ல. அதனால் பெரும்பாலோர் பொய் எழுதுகிறார்கள், இல்லை கோடு போட்டு விடுகிறார்கள். மீதிக் கேள்விகள் பிடித்த நிறம், பிடித்த நடிகர் ரகம். பத்து வருஷம் கழித்து ‘நீலம்’ என்ற ஒரு வார்த்தை யாரையும் ஞாபகப்படுத்தாது.

‘நாம் முதன்முதலில் எதைப் பற்றிப் பேசினோம்?’, ‘நீ எந்த பெஞ்சில், யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்?’, ‘கெமிஸ்ட்ரி லேப்பில் நடந்ததில் உனக்கு மறக்காதது எது?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வார்த்தையில் பதில் வராது. பியூரெட்டை உடைத்தது யார், பழி யார் மேல் விழுந்தது என்று அரைப்பக்கம் வரும். இப்படிக் கேட்கும் புத்தகம் கடையில் கிடைக்காது. அதனால் எங்கள் சிபாரிசு, உதிரித் தாளில் நீங்களே செய்துகொள்வது.

100 ஜிஎஸ்எம் ஏ4 பாண்ட் தாள் 26 வாங்கி, ஜெராக்ஸ் கடையில் பாதியாக வெட்டித் தரச் சொல்லுங்கள். 52 ஏ5 தாள் கிடைக்கும்: நாற்பது மாணவர்கள், ஆறு பாட ஆசிரியர்கள், வீணாவதற்கு ஆறு. முன்பக்கம் நாலைந்து கேள்வி, பின்பக்கம் வெற்றாக. இடது ஓரத்தில் 2 சென்டிமீட்டர் எழுதாமல் விட்டு, அங்கே சாதாரண பஞ்ச் மெஷினில் இரண்டு ஓட்டை போட்டு, ஆபீஸ் ஃபைலில் போடும் டேக்கால் கோத்துவிடலாம். ஓட்டை கிழியாமல் இருக்க, பஞ்ச் செய்வதற்கு முன் அந்த ஓரத்தில் செல்லோ டேப் ஒட்டுங்கள்.

போட்டோ ஒட்டுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். எல்லாப் படமும் ஒரே மூலையில் வந்தால், நாற்பது படத்தின் கனம் சேர்ந்து அந்த மூலை மட்டும் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் புடைத்துக்கொண்டு, அட்டை மூடாது. ஒரு தாளில் மேல் வலது, அடுத்ததில் கீழ் இடது என்று மாற்றி ஒட்டுங்கள். தண்ணீர்ப் பதமான வெள்ளைப் பசை தாளைச் சுருக்கும். குளூ ஸ்டிக் போதும்.

உதிரித் தாளை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போய் எழுதுவதால் அடுத்தவர் பக்கம் கண்ணில் படாது. மனசில் இருப்பது தாளில் வரும். வகுப்பில் டீச்சர் பிடுங்கினாலும் போவது ஒரு தாள்தான். ஃபோன் நம்பரை மட்டும் இந்தத் தாளில் கேட்காதீர்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம். கைமாறும் தாளில் அது யார் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. கல்லூரிக்குப் போனால் சிம்மும் மாறிவிடும். வீட்டு முகவரியையும் அப்பா அம்மா நம்பரையும் நேரில் கேட்டு, உங்கள் கையிலேயே இருக்கும் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையின் ஒரே குறை, தாள் திரும்பி வராமல் போவது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் அட்டெண்டன்ஸ் எண்ணை எழுதி, அந்த வரிசையிலேயே கொடுங்கள். யாரிடம் பாக்கி என்று உடனே தெரியும். யாரோடும் அதிகம் பேசாமல் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கும் அவர்கள் எண் வரும்போது தாள் போய்ச் சேரும்; அங்கிருந்து திரும்பி வரும் பக்கங்கள்தான் பல நேரம் நீளமாக இருக்கும். பிராக்டிகலுக்கு ஒரு வாரம் முன்பே கெடு வையுங்கள். ஸ்டடி லீவ் விட்டபிறகு கேட்டால் பாதித் தாள் கைக்கு வராது.